கலிஃபோர்னியா எலிமென்டரி ஸ்கூலில் பிள்ளைக்கு ஐ.இ.பி.யும் மனநல உதவியும் வாங்குவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், என் பையனுக்கு வயிறு வலிக்கும். ஓமத்தண்ணீர் கொடுத்தோம், விளக்கெண்ணெய் தடவினோம், டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார். சனிக்கிழமை வலிக்காத வயிறு ஞாயிறு மட்டும் ஏன் வலிக்கிறது என்பது எங்களுக்கு உறைக்கவே மூன்று மாதம் ஆயிற்று. அப்போது அவன் இரண்டாம் வகுப்பு. கணக்கில் சூட்டிகை, வகுப்பில் வாயே திறப்பதில்லை, பேப்பரில் ஒரு எழுத்து தப்பினால் முழுப் பக்கத்தையும் அழித்துக் கிழித்துவிடுவான். அக்டோபரில் டீச்சரைப் பார்த்து எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னோம். "கவனிக்கிறோம்" என்றார்கள். பிப்ரவரி வரை கவனித்துக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் மேல் மாடியில் ஒரு மதுரைக்கார அக்கா. அவர் மகளுக்கு ஆட்டிசம், இந்த வழியெல்லாம் ஏற்கெனவே நடந்தவர். "மெயில் போட்டியா?" என்றார். நேரிலேயே சொல்லிட்டோமேக்கா என்றேன். "மெயில் போடலைன்னா நீ கேக்கவே இல்லைன்னுதான் அர்த்தம் தம்பி" என்றார். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகிற முக்கால்வாசி விஷயம் அந்த ஒரு வரிதான். மீதி, அந்த மெயிலுக்கு அப்புறம் என்ன நடக்கும் என்பது.

ஐ.இ.பி. என்பது சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கு எழுதப்படும் தனித் திட்டம். நான் வக்கீல் இல்லை, ஒரு அப்பா. இது கலிஃபோர்னியா கணக்கு. மத்தியச் சட்டம் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான், ஆனால் நாள் கெடுக்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் நாட்களை மட்டும் உங்கள் ஊர் விதியோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கலிஃபோர்னியாவில் சில ஊர்களில் கிண்டர்கார்டனிலிருந்து 12 வரை ஒரே டிஸ்ட்ரிக்ட் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு), அதை யூனிஃபைடு என்பார்கள். ஃப்ரீமான்ட் ஊர் அப்படி. சன்னிவேல், கூபர்டினோ பக்கம் அப்படி இல்லை. 8ஆம் வகுப்பு வரை ஒரு எலிமென்டரி டிஸ்ட்ரிக்ட், அதற்கு மேல் தனி ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். (அந்த ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டின் பெயர் ஃப்ரீமான்ட் யூனியன். ஃப்ரீமான்ட் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வீடு தேடும் நம் ஆட்கள் பாதிப் பேர் இதில் குழம்புவார்கள்.) உங்கள் பிள்ளைக்குச் சட்டப்படி பொறுப்பு டிஸ்ட்ரிக்ட்தான், டீச்சரோ பிரின்சிபலோ தனியாக இல்லை. சின்ன டிஸ்ட்ரிக்ட்டுகள் பலவும் செல்பா என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்து சில சேவைகளைப் பகிர்ந்துகொள்ளும். "இந்த ஸ்கூலில் அந்த வசதி இல்லை" என்று யாராவது சொன்னால் அது அந்தக் கட்டிடத்தைப் பற்றிய தகவல் மட்டும்தான். உங்கள் பிள்ளைக்குத் தேவையென்று முடிவானால் வேறெங்கிருந்தாவது ஏற்பாடு செய்ய வேண்டியது டிஸ்ட்ரிக்ட்டின் வேலை.

சிறப்புக் கல்விக்கான மத்தியச் சட்டம் 1975-இல் வந்தது, 1990-இலிருந்து அதன் பெயர் ஐடியா, கடைசியாகப் பெரிய அளவில் திருத்தியது 2004-இல். அதன்படி தகுதியுள்ள பிள்ளைக்கு அவனுக்கு ஏற்ற கல்வியை இலவசமாகத் தரவேண்டும். அதை எழுதிவைக்கும் ஆவணம்தான் ஐ.இ.பி. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வழி வேறு, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான ரீஜனல் சென்டரில் ஏர்லி ஸ்டார்ட் என்ற திட்டம். மூன்று முடிந்ததும் டிஸ்ட்ரிக்ட்.

படி 1: இரண்டு வாரம் நோட்டு எழுதுங்கள்

மெயிலுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதற்கு முன்னால் வந்தது. "பையன் அடம்பிடித்தான்" என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. என் நோட்டில் ஒரு வரி: "செவ்வாய், காலை 7:40, ஷூ மாட்ட மறுத்தான், பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு 25 நிமிடம், இன்றைக்கு ரைட்டிங் டெஸ்ட்." இப்படிப் பத்து வரி சேர்ந்தபோதுதான் அத்தனையும் எழுதும் வேலை இருக்கும் நாட்கள் என்று எங்களுக்கே தெரிந்தது. வீட்டுப்பாட நேரம், நர்ஸ் அறைக்குப் போன தேதிகள், லீவு போட்ட நாட்கள், டாக்டர் கடிதம், டீச்சரின் பழைய மெயில்கள், எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். லீவு பற்றி ஒன்று: 2022 ஜனவரியிலிருந்து மனநலக் காரணத்துக்காக எடுக்கும் லீவும் இங்கே முறையான நோய் விடுப்புதான். வயிற்றுவலி என்று பொய் சொல்ல வேண்டியதில்லை.

படி 2: அந்த மெயில்

பிரின்சிபலுக்கும் டிஸ்ட்ரிக்ட்டின் ஸ்பெஷல் எஜுகேஷன் அலுவலகத்துக்கும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். அரைப் பக்கம் போதும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு. பிறகு இந்தச் சாரம் வரவேண்டும்: "என் மகனுக்குச் சிறப்புக் கல்வித் தகுதி இருக்கிறதா என்று பார்க்க, குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகிக்கும் எல்லாத் துறைகளிலும் மதிப்பீடு செய்யும்படி கேட்கிறேன். படிப்பு, கவனம், பேச்சுமொழி, எழுத்து, சமூகப் பழக்கம், மனநிலை ஆகியவை இதில் அடங்கும். என் கவலைகள் இவை. சட்டப்படியான நாட்களுக்குள் அசெஸ்மென்ட் பிளானை அனுப்பவும்." கவலைகள் என்ற இடத்தில் நோட்டிலிருந்து நாலைந்து சம்பவம். நாம் வழக்கமாகச் செய்யும் தவறு, இதைக் கெஞ்சலாக எழுதுவது. "உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், நேரம் கிடைத்தால்" என்றெல்லாம் எழுதாதீர்கள். மரியாதை இருக்கட்டும், கேட்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

மெயில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அசெஸ்மென்ட் பிளான், அதாவது எதையெல்லாம் சோதிப்பார்கள் என்ற தாள், உங்கள் கைக்கு வரவேண்டும். சனி ஞாயிறும் கணக்கில் சேரும், ஐந்து பள்ளி நாளுக்கு மேற்பட்ட விடுமுறை சேராது. வாய்மொழியாகக் கேட்டால்கூட அதை எழுத்தாக்க ஸ்கூல் உதவ வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் நாங்கள் பட்டதைத்தான் மேலே சொன்னேனே. மே மாதம் வரை இழுக்காதீர்கள். வருடக் கடைசியில் கொடுத்த விண்ணப்பம் கோடை தாண்டித்தான் நகரும்.

அநேகமாக வரும் முதல் பதில்: "முதலில் எஸ்.எஸ்.டி. மீட்டிங் வைத்துப் பார்ப்போம்." டீச்சர், பிரின்சிபல், பெற்றோர் உட்கார்ந்து சின்ன உதவிகளை யோசிக்கும் கூட்டம் அது. நல்ல விஷயம்தான், போங்கள். ஆனால் இப்படிப்பட்ட முதற்கட்ட உதவிகளைக் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்தியக் கல்வித்துறை 2011-லேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. "சந்தோஷம், எஸ்.எஸ்.டி.க்கு வருகிறோம், அசெஸ்மென்ட் விண்ணப்பமும் அப்படியே நிற்கிறது" என்று பதில் போடுங்கள்.

இரண்டாவதாக வருவது: "மார்க் நன்றாகத்தானே இருக்கிறது?" இதைக் கேட்டதும் நம் வீடுகளில் பெருமையில் வாய் அடைத்துப் போகும். வகுப்பு வகுப்பாகப் பாஸாகி வருகிறான் என்பதற்காகத் தகுதியை மறுக்க முடியாது, இது சட்டத்திலேயே இருக்கிறது. மார்க் எடுக்க அவன் வீட்டில் எத்தனை மணி நேரம் அழுகிறான் என்பதும் கல்வியில் ஏற்படும் பாதிப்புதான். நோட்டு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

படி 3: அசெஸ்மென்ட் பிளானைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

ஒன்றோ இரண்டோ பக்கம்தான் இருக்கும். எந்தெந்தத் துறையில், யார் சோதிப்பார்கள் என்று கட்டங்கள். முடிவுசெய்ய உங்களுக்குக் குறைந்தது 15 நாள் உண்டு. எங்களுக்கு வந்த பிளானில் படிப்பு, அறிவுத்திறன் இரண்டுக்கு மட்டும் டிக் அடித்திருந்தது. பையனுடைய பிரச்சினையோ பதற்றம். "சமூக, உணர்வு நிலை, நடத்தை" என்ற கட்டத்தையும் எழுதும் கைவேலைக்கான ஆக்குபேஷனல் தெரபி கட்டத்தையும் சேர்க்கச் சொல்லி மெயில் போட்டோம், மூன்றாம் நாள் புதுப் பிளான் வந்தது. கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தச் சோதனை நடந்தே இருக்காது. மனநல உதவி வேண்டுமென்றால் அதற்கு விதை இந்த இடத்தில்தான் விழுகிறது.

கையெழுத்திட்ட பிளான் திரும்பப் போய்ச் சேர்ந்ததிலிருந்து 60 நாட்களுக்குள் சோதனை எல்லாம் முடிந்து ஐ.இ.பி. மீட்டிங்கும் நடக்க வேண்டும். இங்கும் நீண்ட விடுமுறை கழியும். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, "இன்று கொடுத்தேன்" என்று ஒரு வரி மெயிலும் போடுங்கள்.

இந்த 60 நாளில் உங்களுக்கும் ஒரு தேர்வு உண்டு. ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் ஒரு கேள்வித்தாள் அனுப்புவார். பிள்ளையின் நடத்தையைப் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள், ஒவ்வொன்றுக்கும் "ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, எப்போதும்" என்ற மாதிரி நாலு பதில். என் மனைவி முதல் தடவை உட்கார்ந்து வரிசையாக "ஒருபோதும் இல்லை" என்று சுழித்துக்கொண்டே போனாள். பிள்ளையை யாரோ குறை சொல்வதுபோல அவளுக்குப் பட்டது. இரண்டாம் பக்கத்தில் "எளிதில் கவலைப்படுகிறான்" என்ற வரிக்கும் அதையே சுழித்ததும் நான் நோட்டை எடுத்து முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு வேறு தாள் கேட்டு வாங்கி முதலிலிருந்து நிரப்பினோம். அந்தத் தாளில் வரும் எண்களை வைத்துத்தான் தகுதியே பேசப்படும். பிள்ளையின் நல்ல நாளை மட்டும் நினைத்து நிரப்பாதீர்கள், கெட்ட நாளை மட்டும் நினைத்தும் நிரப்பாதீர்கள்.

தமிழ் விஷயம் ஒன்று. ஸ்கூலில் சேர்க்கும்போது வீட்டு மொழி தமிழ் என்று எழுதியிருந்தால் பிள்ளைக்கு எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், அதைப் பொறுத்து "ஆங்கிலம் கற்பவர்" என்ற பட்டியலில் சேரலாம். அது குற்றமில்லை. ஆனால் அப்புறம் எதைச் சொன்னாலும் "இரண்டு மொழி, அதனால்தான் பேச்சு தாமதம்" என்று முடித்துவிடுவார்கள். தமிழிலும் அவன் வயதுக்குரிய பேச்சு இல்லையென்றால் அதைத் தெளிவாக எழுதிச் சொல்லுங்கள். பிள்ளைக்கு நன்றாக வரும் மொழியில் சோதிக்க வேண்டும், உங்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் தரவேண்டும். "நமக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே" என்று கணவர் மட்டும் பேசிவிட்டு, நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கும் அம்மா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மீட்டிங் நிறையப் பார்த்துவிட்டேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

படி 4: மீட்டிங்குக்கு முன்னால்

ரிப்போர்ட்டை மேசையில் வைத்து முதல் தடவையாகப் பார்ப்பது பரீட்சை ஹாலில் பாடம் படிப்பதற்குச் சமம். பிள்ளையின் ஆவணங்களைக் கேட்டால் ஐந்து வேலை நாட்களுக்குள் தரவேண்டும், அதனால் ஒரு வாரத்துக்கு முன்பே "ரிப்போர்ட்டுகள், வரைவு இலக்குகள் இரண்டையும் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பேச்சை ஒலிப்பதிவு செய்ய வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னால் சொன்னால் போதும். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். எங்களுக்கு அந்த மதுரை அக்கா வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, குறிப்பு மட்டும் எடுத்தார். அது எவ்வளவு பெரிய உதவி என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ஏனென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் பாதி எதுவும் ஞாபகம் இல்லை.

படி 5: மீட்டிங்

எட்டுப் பேர் ஒரு பக்கம், நீங்கள் இரண்டு பேர் ஒரு பக்கம், எல்லோரும் சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில், நடுவில் ஒரு டிஷ்யூ டப்பா. முதலில் தகுதி. சட்டம் சொல்லும் 13 குறைபாட்டு வகைகளில் ஒன்றில் பிள்ளை பொருந்த வேண்டும், அதனால் சிறப்புக் கற்பித்தலும் தேவைப்பட வேண்டும். ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவு, மிகைத் துடிப்பு) உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் "பிற உடல்நலக் குறைபாடு" என்ற வகையில் வருவார்கள். பதற்றம், மனச்சோர்வு தீவிரமாக, நீண்ட காலம், கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படிப்பைப் பாதித்தால் அதற்கென்று உணர்வு சார்ந்த தனி வகை உண்டு. அதன் பெயரைக் கேட்டதும் நம் ஆட்கள் பயந்து எழுந்துவிடுவார்கள். வகையின் பெயர் உள்ளே போவதற்கான டிக்கெட் மட்டும்தான். எந்த வகையில் வந்தாலும் பிள்ளையின் எல்லாத் தேவைக்கும் சேவை கேட்கலாம், ஆட்டிசம் என்ற வகையில் இருப்பவனுக்குக் கவுன்சலிங்கும் கேட்கலாம்.

அடுத்தது இலக்குகள், இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். எங்களுக்கு முதலில் காட்டிய இலக்கு: "மாணவன் பதற்றத்தைக் குறைத்துக்கொள்வான்." யார் அளப்பது, எதை வைத்து? அரை மணி நேரம் பேசி மாற்றியது இது: "புதிய எழுத்து வேலை கொடுக்கும்போது பதற்றம் வந்தால், ஒரு முறை நினைவூட்டியதும், ஐந்தில் நான்கு தடவை ஓய்வு கேட்கும் பிரேக் கார்டைக் காட்டியோ வாயால் சொல்லியோ உதவி கேட்பான். டீச்சரும் கவுன்சலரும் வாரந்தோறும் குறித்துவைப்பார்கள்." இதில் நடந்ததா இல்லையா என்று எந்த வழிப்போக்கனும் சொல்லிவிடலாம். சேவைகளையும் அப்படியே பாருங்கள். "தேவைப்படும்போது கவுன்சலிங்" என்பது ஒன்றுமில்லாததற்குச் சமம். வாரம் எத்தனை தடவை, எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா, யார் தருவது. 2017-இல் எண்ட்ரூ எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம், பேருக்கு ஒரு முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் இருக்கும்படி ஐ.இ.பி. அமைய வேண்டும் என்று சொன்னது. இலக்கு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தால் அதைச் சொல்லலாம்.

அங்கேயே கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கிறேன் என்று சொல்லுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சில பகுதிகளுக்கு மட்டும் சம்மதம் என்றும் எழுதலாம், அந்தப் பகுதிகள் உடனே தொடங்கிவிடும், மற்றதைப் பேசிக்கொண்டே இருக்கலாம்.

படி 6: மனநல உதவிக்கு மூன்று கதவு

ஸ்கூல் கவுன்சலர், மதியச் சாப்பாட்டு நேர நட்புக் குழு போன்றவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. டீச்சரிடம் சொன்னாலே போதும், ஐ.இ.பி. வேண்டாம். நல்லதுதான், ஆனால் கவுன்சலர் மாறினால் அதுவும் போய்விடும், யாருக்கும் கடமை இல்லை.

இரண்டாவது 504 பிளான். 1973-ஆம் வருடத்துச் சட்டத்தின் பிரிவு எண்தான் அதன் பெயர். தனிக் கற்பித்தல் தேவையில்லை, வசதிகள் மட்டும் போதும் என்கிற பிள்ளைக்கு: தேர்வுக்குத் தனி அறை, கூடுதல் நேரம், அனுமதி கேட்காமல் நர்ஸ் அறைக்குப் போக ஒரு கார்டு. சீக்கிரம் கிடைக்கும், ஆனால் சட்டப் பிடி குறைவு. ஐ.இ.பி. தகுதி இல்லை என்று சொன்னால் அதே மீட்டிங்கில் 504 கேளுங்கள்.

மூன்றாவது, ஐ.இ.பி.க்குள் வரும் மனநலச் சேவை. எர்ம்ஸ் என்று சொல்வார்கள். 1984-இலிருந்து இது கவுன்ட்டி மனநலத் துறையின் வேலையாக இருந்தது, 2010-இல் அப்போதைய கவர்னர் ஸ்வார்ஸ்நெகர் அதற்கான பணத்தை வெட்டினார், 2011-இல் பொறுப்பு முழுவதும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு வந்தது. ஆகவே "கவுன்ட்டியிடம் கேளுங்கள்" என்று இன்னும் யாராவது சொன்னால் அது பழைய கதை. ஐ.இ.பி. உள்ள பிள்ளைக்கு இந்தச் சேவை தேவையா என்று பார்க்கத் தனி மதிப்பீடு கேளுங்கள், அதற்கும் எழுத்து மெயில், அதே 15, அதே 60. தனிக் கவுன்சலிங், நடத்தை சார்ந்த உதவி, சோஷியல் வொர்க்கர், தீவிரமான நிலையில் நாள் முழுக்கச் சிகிச்சையோடு நடக்கும் வகுப்பு வரை இதில் உண்டு. பட்டியலில் பலரும் கவனிக்காதது பெற்றோருக்கான கவுன்சலிங். எங்களுக்குப் பையனுக்குக் கிடைத்ததைவிட அதுதான் உதவியது என்று சொன்னால் நம்புவீர்களா? காலை 7:40-க்கு நாங்கள் இருவரும் போட்ட சத்தத்தை நிறுத்தியது அந்தக் கவுன்சலர் அம்மாள்தான்.

மருந்து பற்றிய பயம் நம் வீடுகளில் பெரிது. மருந்து சாப்பிட்டால்தான் ஸ்கூலுக்கு வரலாம், சோதனை செய்வோம் என்று ஸ்கூல் நிபந்தனை போடச் சட்டத்தில் இடமில்லை. மருந்து உங்களுக்கும் டாக்டருக்கும் நடுவில்.

ஒன்றை மட்டும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். பிள்ளை சாவதைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ பேசினால் மெயில், 15 நாள் எதுவும் கிடையாது. அன்றைக்கே 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணை அழையுங்கள், ஸ்கூலுக்கும் சொல்லுங்கள். ஆபத்து கண் முன்னால் என்றால் 911. சின்னப் பிள்ளை, சும்மா சொல்கிறான் என்று விட்டுவிடாதீர்கள். தற்கொலைத் தடுப்புக் கொள்கை எலிமென்டரி வகுப்புகளுக்கும் இருக்க வேண்டும் என்று 2019-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது.

ஒத்துவரவில்லை என்றால்

மறுத்தால், காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். அதைத் தரவேண்டியது அவர்கள் கடமை, "பிரையர் ரிட்டன் நோட்டீஸ்" என்று பெயர் சொல்லிக் கேட்டாலே சில மறுப்புகள் இளகிவிடும். அவர்கள் மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால் வெளி நிபுணரின் மதிப்பீட்டை டிஸ்ட்ரிக்ட் செலவில் கேட்கலாம். அவர்கள் ஒன்று பணம் கட்ட வேண்டும், இல்லை தங்கள் மதிப்பீடு சரியென்று நிரூபிக்க வழக்குப் போட வேண்டும். எழுதிக் கொடுத்த சேவையைத் தராமல் இருந்தால் ஒரு வருடத்துக்குள் மாநிலக் கல்வித்துறையிடம் புகார், செலவில்லை. பெரிய சண்டைக்கு இரண்டு வருடத்துக்குள் ஓ.ஏ.எச். என்ற மாநில நிர்வாக விசாரணை அலுவலகத்தில் வழக்கு, அதற்கு முன் இலவச சமரசப் பேச்சும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அந்த வரைக்கும் போகத் தேவைப்படாது. சான் ஹோஸேயில் பேரன்ட்ஸ் ஹெல்பிங் பேரன்ட்ஸ், தெற்காசியக் குடும்பங்களுக்கு ஜீனா என்று அமைப்புகள் இருக்கின்றன, தனியாகத் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் அங்கே பேசுங்கள்.

வாட்ஸப் குரூப்பில் அடிக்கடி வரும் பயம்: ஐ.இ.பி. இருந்தால் காலேஜுக்குத் தெரியும், விசா பாதிக்கும். ஸ்கூல் ஆவணங்கள் 1974-ஆம் வருடச் சட்டப்படி ரகசியம், காலேஜ் விண்ணப்பத்தோடு ஐ.இ.பி. வழக்கமாகப் போவதில்லை. ஸ்கூலில் சேர விசா நிலை தடையில்லை என்று 1982-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, ஐ.இ.பி.யும் அந்த ஸ்கூல் கல்வியின் ஒரு பகுதிதான். இந்த இரண்டு பயத்தில் ஒரு வருடத்தை இழந்த மூன்று குடும்பம் எனக்கே தெரியும்.

ஐ.இ.பி. வந்த பிறகு

வருடத்துக்கு ஒரு மீட்டிங், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறு மதிப்பீடு. நடுவில் ஏதாவது சரியில்லை என்றால் எழுதிக் கேளுங்கள், 30 நாட்களுக்குள் கூட்ட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை "பேச்சைக் கேட்கவில்லை, எதிர்த்தான்" என்பதற்காக மட்டும் சஸ்பென்ட் செய்ய இங்கே அனுமதி இல்லை. வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று அடிக்கடி போன் வந்தால் ஒவ்வொரு தேதியையும் நோட்டில் ஏற்றுங்கள்.

எலிமென்டரி டிஸ்ட்ரிக்ட் பெற்றோருக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல். 8ஆம் வகுப்பு முடிந்ததும் பிள்ளை வேறு டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போகிறான், அங்கே எல்லா முகமும் புதிது. அந்த வருடம் வசந்தத்தில் நடக்கும் மீட்டிங்குக்கு ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டிலிருந்து ஒருவரை வரவழைக்கச் சொல்லி மெயில் போடுங்கள். மனநலச் சேவையின் நிமிடங்கள் புது ஐ.இ.பி.யில் அப்படியே ஏறியிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள், ஃபைல் நகலை நீங்களே ஒன்று கையில் வைத்திருங்கள். என் பையன் இப்போது ஏழாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் வயிற்றுவலி எப்போதாவதுதான். அந்த மெயிலின் வரைவை மட்டும் இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.